இரண்டாவது பூட்டு

ஒரு பித்தளைத் தகடு. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம். ஞானம் அதைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல், மரப் பொம்மைக் கப்பலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"படி மச்சான்."

என் கையில் நூல் இருந்தது. கப்பலின் நடுவில் நிற்கும் பெரிய பாய்மரத்து உச்சியிலிருந்து முன்பக்கம் இறங்குகிற தடித்த கறுப்பு நூல். கீழ்முனையில் ஒரு முடிச்சுப் போட்டு இழுத்துப் பிடித்திருந்தேன். விடாமலே எட்டிப் பார்த்தேன். எழுத்து நெளிந்தது.

"கண்ணாடி போடல மாமா. நீங்களே படிங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கோயிலில் வாசகம் வாசிக்கிற குரலில் வாசித்தார். "உடல்: அ. ஞானப்பிரகாசம். கயிறு: வ. சபாபதி." பிறகு சாதாரணக் குரலில், "மேல வீதியில குடுத்து வெட்டி வாங்கியாந்தேன். கப்பல் முடிஞ்சதும் அடிப்பலகையில அடிச்சிடலாம். நாம ரெண்டு பேரும் போனப்புறம் எவனாச்சும் பாத்தான்னா, இவ்வளவு முடிச்சும் போட்டது யாருன்னு தெரியணும் இல்ல?"

நூல் என் விரலிலிருந்து வழுக்கிவிட்டது. பாய்மரம் ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

"பேரு பாத்ததும் நூலையே வுட்டுட்டாரு பாரு சாரு!" என்று சிரித்தார். சமையலறையில் அவர் மனைவி செலினும் சிரித்தது கேட்டது.

நான் எழுந்து வாசலுக்குப் போனேன். செருப்பைப் போட்டேன். கழற்றினேன். மறுபடியும் போட்டேன். தெருவில் ஒரு மாட்டை ஒருவன் ஓட்டிக்கொண்டு போனான். அது முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் வாரம்தோறும் எழுதும் இந்தத் தொடரில் இதுவரை கோயில், குளம், மாசிமகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடலுக்கு வந்திறங்கும் சாமிகள் என்று என்னென்னவோ எழுதிவிட்டேன். நல்ல மனசுக்காரர் என்று சிலர் கடிதமும் போட்டார்கள். ஒவ்வொரு கடிதத்தையும் படித்துவிட்டு வீட்டுக்குள் நடப்பேன். என் மனைவி கோமதி சொல்வாள், "ஒரு எடத்துல உக்காருங்களேன். கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" சக்கரம் எங்கே கட்டியிருந்தது என்பதை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

கட்டியாச்சு, ஏறு

நானும் ஞானமும் மின்வாரியத்தில் லைன்மேன்களாக இருந்தவர்கள். மின்கம்பம் நடுவதும் ஏறுவதும்தான் பிழைப்பு. நான் எட்டாவதோடு நின்றவன். அவர் பத்தாவது எழுதி, கணக்கில் போய்விட்டது. எனக்கு மூன்று வயது மூத்தவர் என்பதால் நான் மாமா என்பேன், அவர் மச்சான் என்பார். அவர் மாதா கோயில், நான் சிவன் கோயில். கம்பத்தில் ஏறுமுன் அவர் சிலுவை போட்டுக்கொள்வார், நான் நெற்றியில் நீறு இட்டுக்கொள்வேன். மேலே போனபிறகு இரண்டு பேரையும் கம்பத்தோடு பிடித்திருப்பது ஒரே மாதிரி பெல்ட்தான்.

ஒன்றை மட்டும் விளக்க வேண்டும். வரிசையின் முனையில் நிற்கிற கம்பத்தை மின்கம்பி ஒரே பக்கமாக இழுக்கும். இழுத்துச் சாய்த்துவிடும். அதனால் எதிர்ப்பக்கம், உச்சியிலிருந்து தரைக்குச் சரிவாகக் கம்பி ஒன்றைக் கட்டி நிறுத்துவோம். அதற்கு ஸ்டே என்று பெயர். கம்பம் நிற்பதே அதன் தயவில்தான்.

அவசரத்துக்குக் கயிற்றிலேயே ஸ்டே கட்டுவது உண்டு. கயிற்றில் கட்டினால் இரண்டு பூட்டு. ஒரு முடிச்சுப் போட்டு, அது வழுக்காமல் இருக்க அதன்மேல் இன்னொன்று. இரண்டாவது பூட்டும் விழுந்த பிறகுதான் கட்டினவன் ஏறப்போகிறவனைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும்: "கட்டியாச்சு, ஏறு!" அந்தக் குரல் வராமல் எவனும் ஏறமாட்டான். வந்துவிட்டால் எவனும் குனிந்து முடிச்சைப் பார்க்கவும் மாட்டான். பார்த்தால் கட்டினவனுக்கு அவமானம்.

மூக்கை உடைத்தேன்

ஞானத்துக்கு இடது கையில் மூன்று விரல் மடங்காது. இடுப்புக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். கம்பத்திலிருந்து விழுந்தவர். பிறகு ஆபீசில் உட்காரும் வேலை கொடுத்தார்கள். ஓய்வு பெற்றதும் சிதம்பரத்திலேயே, ரயிலடிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டார்.

சும்மா இருக்கிற மனிதர் இல்லை. நூலகத்தில் ஒரு புத்தகம் பார்த்தாராம். நம் கடலூர்க் கடலுக்கு நேர் எதிரே ஒரு காலத்தில் ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் பாய்மரப் போர்க்கப்பல்களை வரிசையாக நிறுத்திச் சுட்டுக்கொண்டார்களாம். "நீ மாசிமகத்துக்குக் குளிக்கிற அதே கடலு மச்சான்!" அதில் ஒரு பிரெஞ்சுக் கப்பலின் படத்தை மகளிடம் சொல்லிப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து வாங்கினார். பிறகு தச்சர் பட்டறையில் கழித்துப்போட்ட தேக்குத் துண்டுகளைச் சாக்கில் கொண்டுவந்தார்.

நான்கு வருஷம். கட்டையைப் பிடிக்க ஒரு இரும்புப் பிடி, இழைக்க வலது கை. விலா எலும்பு மாதிரி சட்டம், அதன்மேல் மெல்லிய பலகை. எழுபத்து நாலு பீரங்கி. பழைய இரும்புக்கடையில் வாங்கிய அலுமினியக் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டித் துளைபோட்டது. மூன்று பாய்மரம். ஒவ்வொன்றிலும் குறுக்குக் கட்டைகள். கம்பத்தில் கிராஸ் ஆர்ம் மாட்டுவதுபோலவே இருக்கும்.

கயிறு கட்டும் இடத்தில் வந்து நின்றுவிட்டது. முடிச்சுக்கு இரண்டு கை வேண்டும்.

போன ஆடி மாதம் போன் செய்தார். "மச்சான், இதுலயும் ஸ்டே இருக்குது. மரத்துக்கு மரம் ஸ்டே. உன்ன வுட்டா யாரு இருக்கா எனக்கு?"

அன்று முழுக்க நான் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. மறுப்பதற்குக் காரணம் தேடினேன். கண் தெரியவில்லை என்று சொல்லலாமா? கோமதி குறுக்கே புகுந்து, "அவரு கேட்டு நீங்க போவலன்னா நல்லாவா இருக்கும்?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் சிதம்பரம் பஸ் ஏறினேன். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஏறினேன்.

முதல் நாளே ஒரு கூத்து. கம்பம் நடும்போது எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஸ்டே பக்கமாகக் கம்பத்தை ஒரு மயிரிழை சாய்த்தே நிறுத்துவோம். பிறகு மின்கம்பியை இழுக்கும்போது அது நிமிர்ந்துகொள்ளும். கைக்குப் பழகிப்போன விஷயம். கப்பலின் முன்மரத்து ஸ்டேயைக் கட்டும்போது யோசிக்காமல் அதையே செய்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். முன்மரம் சாயவில்லை. கப்பலுக்கு முன்னால் மூக்குப்போல நீட்டிக்கொண்டிருக்குமே ஒரு கொம்பு, நூலின் மறுமுனை கட்டியிருந்த அது, 'டக்'கென்று உடைந்து என் மடியில் விழுந்தது.

ஞானம் கொஞ்ச நேரம் அந்தத் துண்டையே பார்த்தார்.

"டேய், இது என்னா லெவன் கேவி லைனா? பொம்மைடா!"

"கை அப்படியே போயிட்டுது மாமா."

"செலினு! வந்து பாரு, உங்க அண்ணன் பிரெஞ்சுக்காரன் மூக்க ஒடச்சிட்டாரு. வெள்ளக்காரனால ஆவாதத மஞ்சக்குப்பத்தான் செஞ்சிட்டான்."

செலின் வந்து பார்த்துவிட்டு, "பரவால்லண்ணே, இவரு மூக்கு பத்திரமா இருக்குதுல்ல" என்றாள்.

புது மூக்கு செய்ய அவருக்கு இரண்டு வாரம் ஆனது. ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அதுதான் என்னைத் தின்றது.

பிறகு கற்றுக்கொண்டேன். மரத்தின் இரண்டு பக்கமும் கப்பல் விளிம்புக்கு இறங்கும் நூல்களில், இடப்பக்கம் ஒரு ஜோடி கட்டினால் உடனே வலப்பக்கம் ஒரு ஜோடி கட்ட வேண்டும். ஒரே பக்கமாகக் கட்டிக்கொண்டே போனால் மரம் அந்தப் பக்கம் கோணிவிடும். அந்த நூல்களின் குறுக்கே ஏணிப்படிபோலச் சின்னச் சின்ன நூல். ஒரு படிக்கு ஆறு முடிச்சு, ஏழு முடிச்சு. மூச்சை அடக்கிப் போட வேண்டும். நூல் பிசிறாமல் இருக்க மெழுகு தேய்ப்போம். செலின் மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைக் கொண்டுவந்து தருவாள். என் விரலில் எப்போதும் திருநீறு இருக்கும். மெழுகு நூலில் அது ஒட்டிக்கொள்ளும்.

"கப்பல் பூரா பட்டை அடிச்சிட்டியே மச்சான். பிரெஞ்சுக்காரன் பாத்தா அழுவான்."

"நீறு பட்டா வழுக்காது மாமா."

வழுக்காது என்ற சொல்லைச் சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கவனிக்கவில்லை.

ஒவ்வொரு முடிச்சுக்கும் இரண்டு பூட்டு போட்டேன். கப்பலுக்கு அது தேவையே இல்லை. ஒரு பூட்டும் ஒரு சொட்டுப் பசையும் போதும் என்றுதான் அவர் சொன்னார். நான் கேட்கவில்லை.

முந்திரிக் கட்டை

அந்தப் பெரிய புயலை நம் பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முந்திரித் தோப்பும் பலா மரமும் வேரோடு படுத்துக்கிடந்தன. கம்பங்கள் வழியெல்லாம் விழுந்து கிடந்தன. ஊர் ஊராக இருட்டு. எங்களுக்கு வீடு வாசல் கிடையாது, சாப்பாடு எங்கே கிடைக்கிறதோ அங்கே.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு தோப்பு ஓரம் வேலை. மறுநாள் மார்கழித் திருவாதிரை. வயசு தெரிந்த நாளிலிருந்து சிதம்பரத்துத் தரிசனத்தை நான் ஒரு வருஷம்கூட விட்டதில்லை. தேர் வடத்தைப் பிடித்து இழுத்து, மறுநாள் சாமி வெளியே வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, கோமதி செய்கிற களியைத் தூக்கில் வாங்கிக்கொண்டுபோய் ஞானம் வீட்டிலும் கொடுத்தால்தான் எனக்கு வருஷம் முடியும். செலினுக்கு அந்தக் களி உயிர்.

சாமான் எடுத்துவர ஒரு ஜீப் சிதம்பரம் போகிறது, ஏறிக்கொள் என்றார்கள். நான் முனைக் கம்பத்துக்குக் கயிற்றில் ஸ்டே கட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டே கம்பி இன்னும் வந்து சேரவில்லை. முறிந்து நின்ற ஒரு முந்திரிக் கட்டையில் கயிற்றை இரண்டு சுற்று சுற்றி, ஒரு பூட்டு போட்டேன். ஜீப் ஆரன் அடித்தது.

இரண்டாவது பூட்டுக்கு அரை நிமிடம் ஆகும்.

ஆரன் மறுபடி அடித்தது. நான் வேறொன்றும் நினைக்கவில்லை. ஜீப் போய்விடும், சாமியை விட்டுவிடுவேன், அவ்வளவுதான் நினைத்தேன். ஓடிக்கொண்டே குரல் கொடுத்தேன்.

"கட்டியாச்சு, ஏறு!"

ஞானம் கையை ஆட்டிவிட்டு ஏறினார்.

புவனகிரி தாண்டவில்லை, டிரைவரின் போன் அடித்தது. மின்கம்பியை இழுக்க ஆரம்பித்ததும் கம்பம் சாய்ந்துவிட்டதாம். பெல்ட்டோடு கட்டிக்கொண்டு மேலே இருந்தவர் கம்பத்தோடேயே கீழே வந்தாராம்.

மறுநாள் அபிஷேக நேரத்தில் நான் சிதம்பரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றேன். கோயில் மணி அங்கே கேட்டது. செலின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் ஏறியிருந்தா என்னண்ணே ஆயிருக்கும்" என்று அழுதாள்.

வேலை செய்த இடத்தில் கிரேன் வந்து எல்லாவற்றையும் கிளறிப் போட்டுவிட்டது. விசாரித்தவர்கள், மண் ஈரம், கட்டை வேரோடு பிடுங்கிக்கொண்டது என்று எழுதினார்கள். நான் போய்ப் பார்த்தபோது அந்தக் கயிறு தோப்பு ஓரம் கிடந்தது. அறுந்திருக்கவில்லை. பிசிறில்லை. பிரிந்து நீளமாகக் கிடந்தது. சுருட்டி வண்டியில் போட்டேன். வாயைத் திறக்கவில்லை.

அதன்பிறகு திருவாதிரைக்கு நான் சிதம்பரம் கோயிலுக்குப் போனதில்லை. கேட்பவர்களிடம் கூட்டம் ஒத்துக்கவில்லை என்பேன். ஒரு வருஷம் ஸ்ரீமுஷ்ணம் போனேன், ஒரு வருஷம் வீட்டுக்கு வெள்ளை அடித்தேன். கோமதி களியை வைத்தால் ஒரு வாய் பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். ஆனால் ஞானத்தைப் பார்க்க மட்டும் மாதம் தவறாமல் போனேன். பழம், மாத்திரை, ஆஸ்பத்திரிக்குத் துணை. சபாபதி மாதிரி சிநேகிதன் உண்டா என்று ஊரே சொன்னது.

அவுத்துடு

வாசலில் மாடு போன பிறகு உள்ளே வந்தேன். தகடு அதே இடத்தில் மின்னியது.

"மாமா, அதுல என் பேரு வாண்டாம்."

"ஏன், இனிஷியலு தப்பா வெட்டிட்டானா?"

"இல்ல. நான் ஒண்ணு சொல்லணும்."

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். ஜீப், ஆரன், கயிறு எல்லாம் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கப்பலின் ஏணிப்படிகளையே எண்ணிக்கொண்டு சொன்னேன்.

அவர் கேட்டார். "வேரு புடுங்கிக்கிச்சுன்னு எழுதுனாங்களே."

"வேரு புடுங்கல மாமா. முடிச்சு வழுக்கிச்சு. ஒரு பூட்டுதான் போட்டேன்."

"ஏறுன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"உன் குரலுன்னுதான் ஏறுனேன். குனிஞ்சிகூட பாக்கல."

செலின் இரண்டு டம்ளர் காப்பியோடு கதவருகே வந்து நின்றிருந்தாள். எப்போதிருந்து நின்றாள் என்று தெரியவில்லை. ஒரு டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். இன்னொன்றைக் கையிலேயே திருப்பிக் கொண்டுபோய்விட்டாள். உள்ளே அதைக் கழுவுதொட்டியில் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"இத்தன வருஷத்துல யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"பாடலீஸ்வரர்கிட்ட சொன்னேன். ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் போய் சொல்லுவேன்."

"அவரா கம்பத்துலேர்ந்து வுழுந்தாரு?"

மேசையில் ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டினேன்.

"எங்க கோயில்ல பாவம் சொல்றதுக்குன்னே ஒரு கூண்டு இருக்குது. உள்ள ஃபாதர் உக்காந்திருப்பாரு. அவருகிட்ட போய் சொல்லியிருந்தாக்கூட, போடா, மொதல்ல அந்த ஆளுகிட்ட போய் சொல்லுன்னுதான் அனுப்பியிருப்பாரு." அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் என்னத்தையெல்லாம் நெனச்சிருக்கேன் தெரியுமா? பெல்ட்ட நான்தான் சரியா மாட்டலையோ, கால நான்தான் தப்பா வெச்சேனோன்னு. படுத்தா அதான். எழுந்தா அதான்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் சுமையை நான் ஒருவனே தூக்குகிறேன் என்று நினைத்திருந்தேன். பாதியை அவர் தலையில் வைத்துவிட்டுத்தான் தூக்கியிருக்கிறேன்.

கிளம்பத் திரும்பினேன். "எங்க போற?" என்றார். "அவுத்துடு."

"எத மாமா?"

"பெரிய மரத்து ஸ்டேய. அவுத்துட்டு கட்டு. என் கண்ணு முன்னால."

பாதி போட்டிருந்த முடிச்சை அவிழ்த்து, நூலை மறுபடி எடுத்தேன். முதல் தடவை சுற்றியது கழன்றது. இரண்டாம் தடவை இழுத்துப் பிடித்து முதல் பூட்டைப் போட்டேன். அவர் நாற்காலியை இழுத்துவந்து, முகம் மரத்தில் முட்டுகிற மாதிரி குனிந்து பார்த்தார். அத்தனை வருஷத்தில் யாரும் என் முடிச்சைக் குனிந்து பார்த்ததில்லை. இரண்டாவது பூட்டைப் போட்டேன். இறுக்கினேன். பசை வைக்க எடுத்தேன்.

"பசை வாண்டாம். முடிச்சு மட்டும் நிக்கட்டும். இப்ப சொல்லு."

"என்னா?"

"கட்டி முடிச்சா என்னா சொல்லுவ?"

"கட்டியாச்சு..."

"முழுசா சொல்லு."

"கட்டியாச்சு, ஏறு."

அவர் சுண்டு விரலால் அந்த நூலை ஒரு தட்டு தட்டினார். தகட்டை எடுத்து மேசை டிராயரில் போட்டு மூடினார்.

"ஒரு மழைக்காலம் போவட்டும். ஈரத்துல நூலு இறுகும், வெய்யில்ல தொய்யும். நிக்குதான்னு பாப்போம். அதுவரைக்கும் நீ வர வாண்டாம்."

மழை

கோமதியிடம் அன்றே சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. "அதான் களிய வாயில வெக்காம எழுந்துக்குவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கடலூர் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள் நடந்தேன். கூடத்தில் பன்னிரண்டு எட்டு, சமையல்கட்டில் ஆறு. தூறல் போட்டாலே சிதம்பரத்தில் என்ன தூறலோ என்று தோன்றும். கொஞ்சம் வெயில் அடித்தால், ஐயோ இப்போதுதான் நூல் தொய்யும் நேரம் என்று வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பேன். மழை விட்ட நேரம் பார்த்து தேவனாம்பட்டினம் போய், கரையில் ஏற்றிக் கட்டியிருந்த படகுகளின் கயிறுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு மீன்காரர், "என்னா பெருசு, படகு வாங்கப்போறியா?" என்றார்.

போனை எடுப்பேன். ஞானம் எண்ணை அழுத்துவேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிடுவேன்.

"அவரு வாண்டாம்னு சொன்னா வாண்டாம்தான்" என்றாள் கோமதி. "நீங்க சொல்றதுக்கு இவ்வளவு வருஷம் எடுத்தீங்க. அவரு கேக்குறதுக்கு ரெண்டு மாசம் எடுக்கக் கூடாதா?"

பிரதோஷத்துக்குப் போனேன். சன்னதியில் நின்றால் சொல்ல ஒன்றும் வரவில்லை. வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி முடித்தாகிவிட்டது. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

கார்த்திகை போனது. மார்கழி பிறந்து கோலத்தில் பூசணிப்பூ வந்தது. மழை நின்றுவிட்டது. போன் வரவில்லை. சரி, முடிச்சு அவிழ்ந்திருக்கும், சொல்ல மனசில்லாமல் இருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

திருவாதிரைக்கு இரண்டு நாள் முன்பு, நான் கொல்லையில் துணி காயப்போடுகிற கொடியை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தேன். அது நன்றாகத்தான் இருந்தது, சும்மா கட்டினேன். கோமதி போனோடு ஓடிவந்தாள்.

"மச்சான்."

"சொல்லுங்க மாமா."

"மழ நின்னு பத்து நாளாச்சு."

"ஆமா மாமா."

"முன்மரத்துல ரெண்டு நூலு தொய்ஞ்சி கெடக்குது. வந்து இழுத்துக் கட்டணும்."

"பெரிய மரம்?"

"அது நிக்குது."

கோமதி என் முகத்தையே பார்த்துக்கொண்டு, கொடிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

"வரும்போது பித்தள ஆணி வாங்கியா. அரை இஞ்சு. நாலு போதும்."

"நாளைக்கே வரேன் மாமா."

"நாளைக்கு வாண்டாம். திருவாதிர அன்னிக்கு வா. நேரா இங்க வந்து நிக்காத. அன்னிக்கு கெளம்பி போனியே, அந்த சாமியப் பாத்துட்டு வா. பாக்காம வந்தியோ, கதவ தொறக்க மாட்டேன்."

பின்னால் செலினின் குரல் கேட்டது. ஞானம் போனிலிருந்து முகத்தைத் திருப்பி ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"களி உண்டான்னு கேக்குறா."

மஞ்சக்குப்பத்து ஆர்டுவேர் கடையில் நான்கு ஆணி கேட்டேன். "நாலா? நூறு கிராம் வாங்கிக்க பெரியவரே" என்றார் கடைக்காரர். நாலு போதும் என்றேன். செய்தித்தாள் துண்டில் மடித்துக் கொடுத்தார்.

திருவாதிரை அன்று சிதம்பரத்தில் வழக்கமான கூட்டம். வேட்டியும் சேலையும் தலைமேல் குழந்தைகளுமாக வீதி நெருங்கி நின்றது. ஒரு கையில் களித்தூக்கு, சட்டைப் பையில் ஆணி. அத்தனை வருஷம் விட்டுப்போன இடத்தில் போய் நின்றேன். வாத்தியச் சத்தம் நெருங்கி வந்தது. சாமி தெரிந்தது.

களித்தூக்கை முழங்கையில் மாட்டிக்கொண்டு, கும்பிடக் கையைத் தலைக்குமேல் தூக்கினேன். பின்னாலிருந்து கூட்டம் ஒரு தள்ளு தள்ளியது. பேப்பரைக் கிழித்துக்கொண்டு ஆணிகள் நெஞ்சில் குத்தின.

நான் நகரவில்லை.